பத்துக்குப் பதில் முப்பது

செந்தூல் மயான வளைவில் தங்கமணி அக்காவின் பள்ளி வேனின் பின்விளக்கு தானாக அணைந்துவிடுகிறதாம். எங்கள் அடுக்குமாடிக் காவலாளி, தன் மைத்துனி சொன்னதாக என்னிடம் சொன்னார். “பேய் லா சார்,” என்று பாதிச் சிரிப்போடு முடித்தார்.

அந்த வேனில்தான் என் மகள் பள்ளிக்குப் போய்வருகிறாள். திருச்சியிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடமாகிறது. இங்கே எனக்கு நம்ப வேறு ஆள் இல்லை. பேயை நான் நம்பவில்லை. ஆனால் இரண்டு நாளாக வேனில் பிளாஸ்டிக் கருகும் வாசனை வருகிறது என்று மகள் சொன்னதை நம்பினேன். மதியமே அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டு வண்டிகளுக்கு மின்வேலை பார்க்கும் வயர்மேன் ரெங்கசாமியின் கடைக்குப் போனேன்.

தங்கமணி கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் இருந்தவர். அதை மூடியதும் கைக்கு வந்த காசில் பழைய வேன் வாங்கினார். கணவர் இல்லை. ஒரே மகன் ஜீவன், மிரியில் கடலிலுள்ள எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் ஏற்றிப்போகும் கப்பலில் வேலை. அவன் வேலைக்குக் கிளம்பிய அன்று டேஷ்போர்டு முருகன் காலடியில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்றைப் பொருத்தி, பின்விளக்கு லைனிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தான். “நான் தண்ணியில இருக்கிற வரைக்கும், வண்டி ஓடும்போது இது எரியணும்மா” என்றானாம். அதற்காகவே அக்கா நட்ட நடு வெயிலிலும் விளக்குப் போட்டுத்தான் ஓட்டுவார்.

ரெங்கசாமி ஸ்டீயரிங்குக்குக் கீழே மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார்.

“இங்க பத்து ஆம்பியர் ஃபியூஸ்தான் இருக்கணும். முப்பது போட்டது யாரு, அக்கா?”

“நான்தான். அந்த வளைவுல திருப்பும்போதெல்லாம் பத்து எரிஞ்சு போச்சு. சாமி விளக்கும் சேர்ந்து அணைஞ்சிரும். பெருசு போட்டா தாங்கும்னு முந்தாநாளுதான்…”

“ஃபியூஸ் தாங்கும் லா. வயர் தாங்குமா?”

ஸ்டீயரிங் தண்டில் உரசி உரசித் தோலுரிந்திருந்த சாமி விளக்கு வயரை இழுத்துக் காட்டினார். ஒரு சாண் நீளத்துக்கு உருகிப் பழுப்பாகியிருந்தது. ஃபியூஸ் எரிந்து விளக்கு அணைந்தவரைக்கும் ஆபத்தில்லை. அணையாமல் போனபிறகுதான் ஆபத்து என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“சாமி விளக்கு வயரை வெட்டிட்டு பத்து போட்டா இப்பவே ஓட்டலாம். புதுசா இழுக்கணும்னா டேஷ்போர்டைக் கழட்டணும். நாளைக்குத்தான்.”

வெளியே மழை பிடித்துவிட்டது. பள்ளி விடும் நேரம். வேனில்லாமல் பிள்ளைகளை யார் ஏற்றுவது?

“வெட்டாதீங்கண்ணே. அவன் இப்ப தண்ணியிலதான் இருக்கான்.”

“பேட்டரி விளக்கு ஒண்ணு வாங்கி வைக்கலாமேக்கா,” என்றேன்.

“அது அவன் கையால வெச்சதில்லையே சார்.”

ரெங்கசாமி வயர் வெட்டும் கட்டரைக் கீழே வைத்தார். “பிள்ளைங்க உள்ள இருக்கும்போது புகைஞ்சா என்னக்கா செய்வீங்க?”

அக்கா முருகனைப் பார்த்தார். பிறகு கைப்பேசியை எடுத்தார்.

“அவன் குரலை ஒருவாட்டி கேட்டுக்கிறேன். பிறகு வெட்டுங்க.”

மறுமுனையில் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. “மணி அடிக்குதுல்ல, சிக்னல் இருக்கு, கரை பக்கத்துலதான் இருப்பான்,” என்று சொல்லி மறுபடி அடித்தார். கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு முருகன் பக்கத்தில் வைத்தார். ரெங்கசாமி கட்டரை வயரில் பொருத்திக்கொண்டு, வெட்டவா என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் மழையைப் பார்த்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.