படத்தைத் தாண்டிய கையெழுத்து

மேடை நடிகர்களின் புகைப்படங்களில் அவர்களிடமே கையெழுத்து வாங்கிச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. சென்ற வருடம் மயிலாப்பூர் சபா ஒன்றில் நாடகம் முடிந்ததும், அப்பா வேடம் போட்ட மூத்த நடிகரிடம் அவர் படத்தை நீட்டினேன். கையெழுத்து கோணலாக ஓடி, படத்தைத் தாண்டிப் போய்விட்டது.

"சார், இன்னொரு படம் இருக்கு. இதுல சரியா போட்டுக் குடுங்களேன்" என்றேன்.

பேனா அவர் விரல்களிலிருந்து நழுவியது. ஏதோ சொல்ல வந்தார், வார்த்தை குழறியது. பக்கத்தில் மேக்கப் கலைத்துக்கொண்டிருந்த நடிகை திரும்பிப் பார்த்து, "ஐயோ, வாய் ஒரு பக்கமா இழுக்குது! யாராவது வண்டிய எடுங்க!" என்று அலறினார்.

பக்கவாதத்தின் ஆரம்பமாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் பிழைத்தார். இப்போது மறுபடியும் நடிக்கிறார்.

நானும் கையெழுத்து வாங்குகிறேன். ஆனால் படத்தை நீட்டுமுன், "நல்லா இருக்கீங்களா சார்?" என்று கேட்டு, பதில் சொல்லி முடிக்கும்வரை முகத்தையே பார்க்கிறேன்.