கிளையண்ட் எடுத்துக் கொடுத்த போட்டோ

ஆபீஸில் எல்லாரிடமும் எங்க வீடு மும்பையில் வசதியான ஏரியாவான மாட்டுங்கான்னு சொல்லி வெச்சிருக்கேன். உண்மையில் பக்கத்தில் இருக்கிற தாராவி குடிசைப் பகுதி.

இன்னிக்கு லீவு. நைட்டியோட வாசலில் துணி காயப்போட்டுட்டு இருந்தேன். தாராவியைச் சுத்திக் காட்டுற ஒரு கைடு, நாலு வெளிநாட்டுக்காரங்களைக் கூட்டிட்டு சந்துக்குள்ள வந்தார். அதில் ஒருத்தர், நான் வாராவாரம் வீடியோ காலில் பேசுற எங்க கிளையண்ட்!

கையில் உடனே பிரிண்ட் வர்ற கேமரா. சந்தில் இருக்கிறவங்களை ஒவ்வொருத்தரையா போட்டோ எடுத்து, அவங்க கையிலேயே கொடுத்துட்டு வந்தார். சந்தில் ஒதுங்க இடமில்லை. உள்ளே ஓடலாம்னா நிலைப்படியில் அம்மா.

என்னையும் எடுத்தார். பேர் கேட்டார். இங்கிலீஷ் தெரியாத மாதிரி நின்னேன்.

"ஏட்டி, ஏன் முழிக்கெ?"ன்னாங்க அம்மா. அதோட விடாம கைடுகிட்ட இந்தியில், "என் மக ஆபீஸ்ல இங்கிலீஷ்தான் பேசுவா!" கைடு அதை அப்படியே அவர்கிட்ட சொல்லிட்டார்.

அவர் கையிலிருந்த போட்டோவைப் பார்த்தார். வெள்ளைத் தாளில் என் முகம் மெல்ல வந்துட்டு இருந்தது.

"கவிதா?"

"யெஸ்"னேன். வேற என்ன சொல்ல?

"சாரி, இது உன் வீடுன்னு தெரியாது"ன்னார். அவர் முகம் என்னைவிடச் சிவந்து போச்சு. அம்மா அவரை டீ குடிக்காம விடலை.

நாளைக்குக் காலையில் அவரோட மீட்டிங். ஆபீஸ் மக்களே, கேட்க வேண்டியதை இந்தப் போஸ்ட்டுக்குக் கீழே கமெண்ட்டிலேயே கேட்டுடுங்க. மீட்டிங்கில் எல்லார் முன்னாடியும் வேண்டாம்.