மாட்டு டாக்டரின் சனிக்கிழமைகள்

சிதம்பரத்தில் கால்நடை மருந்தகத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் என்னிடம் வந்தவை பெரும்பாலும் மாடுகளும் ஆடுகளும்தான். வீடு கடலூரில். காலையில் பஸ் பிடித்துப் போய் மருந்தகத்தைத் திறந்தால் வாசலில் நாலைந்து மாடுகள் நிற்கும். சினை பார்ப்பதும், வயிற்றில் திரும்பிக் கிடக்கும் கன்றை நேராக்கி இழுப்பதும் எனக்குக் கைவந்த வேலை. சுற்று வட்டாரத்தில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. டாக்டரம்மா என்றால் நான்தான்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் என்று நினைவு. பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் ஒரு கணவனும் மனைவியும் ஒரு வயதான பொமரேனியன் நாயைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.

"தண்ணி மட்டும் குடிச்சிக்கிட்டே இருக்கா டாக்டர். சாப்பாட்டைத் தொடறதே இல்ல" என்றார் அந்த அம்மா.

காய்ச்சல் பார்த்தேன். வயிற்றை அழுத்திப் பார்த்தேன். உப்பியிருந்தது. ஊசி போட்டு, மறுநாள் வரச் சொன்னேன். மறுநாள் நாய் தலையைத் தூக்கவே இல்லை. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "சென்னைக்குக் கொண்டு போயிடுங்க" என்றேன்.

"என்ன நோய்னு கூடச் சொல்ல முடியாதா டாக்டர்?"

அந்த அம்மா கோபமாகக் கேட்கவில்லை. கணவர் அவர் தோளைத் தொட்டு, "விடும்மா, இவங்க மாடு பாக்கறவங்க" என்றார். எனக்காகப் பரிந்து பேசுவதாகத்தான் அவர் நினைத்திருக்க வேண்டும்.

சில நாள் கழித்து அந்தக் கணவர் மட்டும் வந்தார். நாய் பிழைத்துவிட்டதாம். கர்ப்பப்பை முழுக்கச் சீழ் பிடித்திருந்ததாம். ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்களாம். "உங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு. அடுத்து வேற யாராவது வந்தா உதவும் இல்லையா?" என்றார்.

நல்ல மனிதர். அவர் போன பிறகு நான் மருந்து அலமாரியைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றிருந்தேன். அந்த நோய் எனக்குத் தெரியாத நோய் அல்ல. கல்லூரித் தேர்வில் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். மாட்டுக்கு வந்தால் கையை விட்டுப் பார்த்த உடனே சொல்லிவிடுவேன். ஒரு சின்ன வெள்ளை நாயின் வயிற்றுக்குள்ளும் அதே கர்ப்பப்பைதான் இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

கோயம்புத்தூரில் செல்லப்பிராணிகளுக்கென்று மருத்துவமனை வைத்திருந்த கல்லூரித் தோழிக்குப் போன் செய்தேன். பேச்சோடு பேச்சாக, யாருக்கோ நடந்தது போல இதைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு ஒரு இணையதளத்தைப் பற்றிச் சொன்னாள். கால்நடை மருத்துவர்கள் மட்டும்தான் அதில் சேர முடியும். பட்டச் சான்றிதழைக் காட்ட வேண்டும். சந்தேகத்தைப் போட்டால் உலகத்தின் எந்த மூலையிலிருந்தாவது ஒருவர் பதில் சொல்வார். பாடங்களும் இருக்கின்றன, படித்து முடித்தால் பரீட்சை.

மருந்தகத்திலும் கம்ப்யூட்டர் இல்லை, வீட்டிலும் இல்லை. தேரடிக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு நெட் சென்டர் இருந்தது. கீழே தையல் கடை. சனிக்கிழமை சாயங்காலம் மருந்தகத்தைப் பூட்டிவிட்டு, ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தவள் போலத் தையல் கடை வாசலில் கொஞ்சம் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகு படியேறுவேன். உள்ளே பலகை அடித்துப் பிரித்த கேபின்கள். ஒவ்வொன்றுக்கும் மார்பு உயரத்துக்கு ஒரு கதவு. வருகிறவர்கள் எல்லாரும் கல்லூரிப் பிள்ளைகள். புடவை கட்டிய நடுவயதுப் பெண் நான் ஒருத்திதான். மூலைக் கேபினைக் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

முதல் கேள்வியை வீட்டில் காகிதத்தில் எழுதி, திருத்தி, எடுத்துக்கொண்டு போய் ஒற்றை விரலால் அடித்தேன். பள்ளிக்கூட லீவு லெட்டர் போல மரியாதைக்குரிய ஐயா என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்திருந்தேன். அடுத்த சனிக்கிழமை பதில் வந்திருந்தது. எழுதியவர் ஏதோ குளிர் தேசத்துப் பெண் டாக்டர். தான் ஐயா இல்லை, ஆனால் பரவாயில்லை என்று தொடங்கி, படிப்படியாக விளக்கியிருந்தார். கடைசியில், நல்ல கேள்வி என்று ஒரு வரி. சிலேட்டில் எழுதிக் காட்டும் பிள்ளையைத் தட்டிக்கொடுப்பது போல இருந்தது. கூசிப் போனேன். ஆனாலும் அடுத்த வாரமும் போனேன்.

வீட்டில் சொல்லவில்லை. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்த என் கணவர் கல்யாண வீடுகளில் என்னைக் காட்டி, "எங்க வீட்டு டாக்டரு" என்று சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். அவரிடம் போய், நாய் வைத்தியம் தெரியாமல் முதலிலிருந்து படிக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? ஏன் நேரமாகிவிட்டது என்று கேட்டால், "பஸ்ஸு கிடைக்கல" என்பேன்.

அவருடைய அண்ணனுக்குப் பண்ருட்டியில் முந்திரி வியாபாரம். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஏதோ பத்திரிகை வைக்கச் சிதம்பரம் வந்தவர், நெட் சென்டர் படியிலிருந்து நான் இறங்குவதைப் பார்த்திருக்கிறார். எனக்குப் பின்னால் இரண்டு கல்லூரிப் பையன்கள் இறங்கி வந்தார்கள். பிரிண்டரில் சிக்கிய என் தாளை அவர்கள்தான் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தோம். மாமா என்னைக் கூப்பிடாமல் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடலூர் வீட்டுக்கு வந்தார். நான் சமையலறையில் இருந்தேன். கூடத்தில் அவர் குரலைத் தாழ்த்திப் பேசியது எனக்கு நன்றாகவே கேட்டது.

"நெட் சென்டருல அதுக்கு இன்னாடா வேல?"

"ஆபீஸ் வேலையா இருக்கும்ணே."

"ஆபீஸ் வேலைய ஆபீஸ்ல பாக்க மாட்டாங்களா? பேப்பரு கீப்பரு படிக்கிறியா இல்லியா? கம்ப்யூட்டருல பேசிப் பழகி இன்னான்னாவோ ஆவுது. நான் தப்பா சொல்லல. கேட்டு வச்சிக்கோ."

என் கணவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அன்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்தே சாப்பிட்டார்.

கூடத்துக்குப் போய் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்திருக்கலாம். போகவில்லை. மாமா நினைப்பது அசிங்கமான பொய். அது பொய் என்று எனக்குத் தெரியும், ஆகவே தாங்கிக்கொள்ள முடிந்தது. மற்றது உண்மை. என் மேல் பழி விழுந்தாலும் பரவாயில்லை, வேலை தெரியாதவள் என்று தெரிந்துவிடக் கூடாது என்று அந்த நேரத்தில் நான் நினைத்தேன். இதை எழுதும்போதும் எனக்கு அதுதான் பெரிய வெட்கமாக இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை நான் மூலைக் கேபினில் உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு மேலே யாரோ எட்டிப் பார்ப்பது தெரிந்தது. திரும்பினால் மாமா. அவருக்குப் பின்னால் என் கணவர், தரையைப் பார்த்துக்கொண்டு. சென்டர்காரர் பதறி, "சார், லேடீஸ் இருக்காங்க சார்" என்று ஓடி வந்தார். பக்கத்துக் கேபின்களில் தலைகள் எழுந்தன.

அந்தக் காலத்து இணைப்பில் படம் மேலிருந்து கீழாக, வரி வரியாகத்தான் இறங்கும். நான் திறந்து வைத்திருந்த பாடத்தின் படம் சரியாக அப்போதுதான் முழுசாக இறங்கி முடித்தது. பச்சைத் துணி விரித்த மேசையில், நாயின் வயிற்றிலிருந்து வெளியே எடுத்துப் போட்ட கர்ப்பப்பை. வீங்கி, கருஞ்சிவப்பாக, குடல் போல இரண்டு கிளையாக.

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இன்னாம்மா இது கருமம்?"

"பாடம் மாமா. நாய்க்கு வர்ற நோயி."

"நீதான் படிச்சி முடிச்சிட்டியே?"

என் கணவர் இப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"முடிச்சிட்டேன் மாமா. ஆனா இது எனக்குத் தெரியல. ஒரு நாய் வந்துச்சு, கண்டுபிடிக்க முடியல. அதான் மறுபடியும் படிக்கிறேன்."

பிரிண்டரில் தாள் எடுத்துக் கொடுத்த பையன்களில் ஒருவன் நாசூக்காகத் தன் திரைக்குத் திரும்பினான். மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "சரி, படிம்மா. நாங்க கீழ நிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படி இறங்கினார். என் கணவர் மட்டும் கொஞ்சம் நின்றார். திரையிலிருந்த படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அவரும் போனார்.

மூவரும் ஒரே பஸ்ஸில் கடலூர் வந்தோம். ஆலப்பாக்கம் தாண்டியதும் என் கணவர், "எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?" என்று கேட்டார். "நீங்க கேட்டிருக்கலாம் இல்ல?" என்றேன்.

தான் செய்ததைச் சரிக்கட்ட நினைத்தாரோ என்னவோ, மாமா அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம், "எங்க டாக்டரம்மா இன்னும் படிச்சிகினே இருக்குது" என்று பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார். மங்கலம்பேட்டையில் ஒரு வளைகாப்புக்குப் போனபோது, தூரத்து உறவுக்கார அத்தை என்னை ஓரமாகக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் பாஸ் பண்ணலியாம்மா நீ? அப்புறம் எப்பிடிடி கவுருமெண்டுல வேல குடுத்தாங்க?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

ஒரு வருஷத்துக்குள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கூடத்தில், எல்லாரும் பார்க்கும் இடத்தில் வைத்தோம். பாடங்களை ஒவ்வொன்றாக முடித்தேன். அவற்றில் ஒன்று, பூனைக்குப் பாராசிட்டமால் விஷம் என்பது. அதைப் படித்துச் சில வாரம் இருக்கும், லால்பேட்டையிலிருந்து ஒருவர் கூடையில் பூனையோடு வந்தார். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர். பூனையின் முகம் வீங்கி, ஈறு பழுப்பாகிக் கிடந்தது. மூச்சு வாங்கியது.

"காய்ச்ச மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் திடுக்கிட்டார். "உடம்பு சுட்டுச்சும்மா. பிள்ளைங்களுக்குக் குடுக்கறதுதானேன்னு பாதி குடுத்தேன். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

முறிவு மருந்து மனிதர்களுக்கான மருந்துக்கடையிலேயே கிடைக்கும். எழுதிக் கொடுத்து ஓடச் சொன்னேன். பூனை பிழைத்தது. "அல்லா கிருபை. உங்கள மாதிரி டாக்டர் இந்த ஊர்ல இருக்கறதே பெரிய விஷயம்மா" என்றார். போன மாசம் வந்திருந்தால் எனக்கு இது தெரியாது என்று சொல்ல நினைத்தேன். தலையாட்டி அனுப்பிவிட்டேன்.

சிதம்பரத்தை விட்டு மாற்றலாகிப் போவதற்குக் கொஞ்சம் முன்னால், கடலூரில் மருத்துவர்களுக்கு ஒரு பயிற்சி முகாம் நடந்தது. பேச வந்த இளம் டாக்டர், "உங்கள்ல எத்தனை பேர் நெட்டுல பாடம் படிக்கிறீங்க?" என்று கேட்டார். மண்டபத்தில் ஒரு கையும் எழவில்லை. இத்தனைக்குப் பிறகும் என் கை மடியிலேயே கிடந்தது. பக்கத்தில் இருந்தவர்கள், டிகிரி வாங்கிய பிறகு என்ன பாடம் என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இடைவேளையில் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தேன். பணி ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்த மூத்த டாக்டர் ஒருவர் தம்ளரோடு என் அருகில் வந்து நின்றார். கோமாரித் தடுப்பூசி முகாம்களில் பார்த்துப் பழக்கம். மழை வருமா என்று பேசினார். சுற்றும்முற்றும் பார்த்தார்.

"ஏம்மா, நீ நெட்டுல படிக்கறதா யாரோ சொன்னாங்க. நெசமா?"

"ஆமா சார்."

"அது பேரு இன்னான்னு சொல்லேன். எனக்கும் இப்ப நாய்ங்கதான் ஜாஸ்தி வருது."

டீக்கடைக்காரரிடம் ஒரு துண்டுத் தாள் வாங்கி, பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். எப்படிச் சேர வேண்டும் என்றும் சொன்னேன். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"உள்ள யாருகிட்டயும் சொல்லிக்காதம்மா" என்றார்.

"சொல்ல மாட்டேன் சார்" என்றேன்.

இருவரும் டீயைக் குடித்து முடித்து, கொஞ்சம் இடைவெளி விட்டு, தனித்தனியாக உள்ளே போனோம்.