வைரஸுக்கு வரப்பு கட்டினேன்

என் மடிக்கணினிக்கு வந்த வைரஸ், வாட்ஸப் குழு வழியாக இறங்கி நாற்பது விவசாயிகளின் போன்களுக்குள்ளும் பாய்ந்துவிடும் என்று நான் நம்பினேன். வயது ஐம்பத்திரண்டு. தஞ்சாவூரில் ஓர் அலுவலகத்தில் முப்பது வருடமாகக் கோப்பு தள்ளுகிறவன். பட்டதாரி என்று வாசல் பலகையில் வேறு எழுதி வைத்திருக்கிறேன். நம்பியதோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. நடவடிக்கை எடுத்தேன். என்னைப் போன்றவன் நடவடிக்கை எடுக்கும்போதுதான் ஊருக்குக் கெட்ட காலம் தொடங்குகிறது.

எங்கள் ஊர்க் கிளை வாய்க்கால் பாசனக்காரர்கள் குழுவுக்கு நான் செயலாளர். ஊரில் நாலைந்து பேரிடம் கணினி உண்டு. அதைக் கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்து பந்தா காட்டியவன் நான் ஒருவன்தான். அதற்குத் தண்டனையாகப் பதவியைக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் குறைவு. ஆளாளுக்குப் பாய்ச்சினால் தலைமடைக்காரன் வயலில் தவளை கத்தும், கடைமடைக்காரன் வயலில் வெடிப்பு விழும். அதனால் முறை வைத்தோம். இன்ன கிழமை இன்னாருக்குத் தண்ணீர். அன்றைக்கு மற்றவர்கள் தங்கள் மதகை இறக்கி அடைத்துவிட வேண்டும். இதைப் பேசி முடிக்க மூன்று கூட்டங்கள், டீக்கடையில் இரண்டு சட்டைப்பிடிச் சண்டைகள். கடைசியில் முதல் முறை, அதாவது புதன்கிழமை, கடைமடையில் குத்தகைக்கு நிலம் பிடித்திருக்கும் ஓர் அம்மாவுக்கு என்று முடிவானது. காரணம் இருந்தது. அவர் நாற்றங்காலில் நாற்று முப்பத்தைந்து நாளைத் தொட்டுவிட்டது. இனியும் முற்றினால் நட்டும் பிரயோஜனமில்லை, தூர் வெடித்துக் கிளைக்காது. புதன்கிழமை தண்ணீர் கட்டிச் சேறடித்து, வியாழக்கிழமை நடுவதாக ஏற்பாடு. நடவாட்களிடமும் சொல்லி வைத்துவிட்டார்.

பட்டியலைக் கட்டம் கட்டமாக, தலைப்புக்குப் பச்சை வண்ணமெல்லாம் கொடுத்து, செவ்வாய்க்கிழமை காலை குழுவில் போட்டேன். கம்பீரமாக இருந்தது. அன்று அலுவலகத்துக்கு விடுப்பு. புதன்கிழமை மழை இருக்குமா என்று பார்த்துவிடலாம் என உட்கார்ந்தேன்.

மழை பார்க்கப் போன ஏதோ ஒரு தளத்தில் சின்னப் பெட்டி ஒன்று வந்தது. நான் இயந்திர மனிதன் இல்லை என்று நிரூபிக்க ‘அனுமதி’ என்ற பொத்தானை அழுத்த வேண்டுமாம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. யாரைப் பார்த்து இயந்திரம் என்கிறாய் என்று பொத்தான் உள்ளே போகும் அளவுக்கு அழுத்தினேன்.

அரை மணி நேரம் கழித்துத் திரையின் வலது மூலையில் சிவப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது. உங்கள் கணினியில் வைரஸ். தட்டினேன். திரை முழுக்கச் சிவப்பானது. ஆம்புலன்ஸ் மாதிரி ஊளையிட்டது. ஒரு கோடு இடமிருந்து வலமாக ஓடி, நான்கு விநாடியில் பதிமூன்று வைரஸ்களைக் கண்டுபிடித்தது. எங்கள் தாலுகா அலுவலகத்தில் ஒரு சர்வே எண்ணைக் கண்டுபிடிக்க நான்கு மாதம் ஆகும். இந்த வேகத்தைப் பார்த்தாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மரியாதைதான் வந்தது.

கீழே, கணினியை அணைக்காதீர்கள் என்று ஒரு கட்டளை. அணைக்கவில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நான் இவ்வளவு ஒழுங்காக யார் சொன்னதையும் கேட்டதில்லை. அடுப்படியிலிருந்து என் மனைவி வந்து திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அந்தச் சத்தத்தக் கொறைங்க. குக்கர் எத்தனை விசில் விட்டுதுன்னே தெரியல.”

வைரஸ் என்றேன். “அதுவே வந்து சொல்லுதா, நான்தான் வைரஸ்னு?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்த வீட்டில் அன்றைக்கு மூளை இருந்த இடம் அடுப்படி மட்டும்தான். நான் அதைப் பெண்களின் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்குள் ஒரு விவசாய விஞ்ஞானி விழித்துக்கொண்டார். போன வருடம் என் வயலில் இலைக்கருகல் வந்தபோது, வேளாண்மை அலுவலர் வந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: இந்த வயல் தண்ணீரை அடுத்த வயலுக்கு வடியவிடாதீர்கள், நோய் தண்ணீரோடு போகும். வடிமடையை மண் போட்டு அடைத்தேன். அக்கம்பக்கத்து வயல்கள் தப்பின. இப்போதும் அதே கணக்குதான் என்று தோன்றியது. நோய் என் கணினியில். பட்டியல் என் கணினியிலிருந்து போயிருக்கிறது. வாய்க்காலே வாட்ஸப்தான். மேலே நிற்பவன் நான், கீழே நாற்பது பேர்.

மடையை அடைத்தேன். முதலில் இணைய டப்பாவின் வயரைப் பிடுங்கினேன். பிறகு போனை எடுத்து, குழுவில் போட்ட பட்டியலை எல்லோருக்குமாகச் சேர்த்து அழித்தேன். அடுத்து ஓர் அறிவிப்பு: “என் கணினியில் வைரஸ் தாக்கியுள்ளது. நான் அனுப்பிய முறைப் பட்டியலை யாரும் திறக்க வேண்டாம். இறக்கி வைத்திருப்பவர்கள் உடனே அழித்துவிடவும். செயலாளர்.” கூட்டத்துக்கு வாருங்கள் என்று பத்து முறை கேட்டாலும் பதில் போடாத ஜனங்கள், பத்தே நிமிடத்தில் கும்பிடு போட்டு அழித்துவிட்டேன் அழித்துவிட்டேன் என்று வரிசையாகச் சொன்னார்கள். ஊரைக் காப்பாற்றிய திருப்தியில் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

மறுநாளும் விடுப்பு சொல்லிவிட்டுக் காலையில் பஸ் ஏறினேன். அணைக்கக் கூடாதல்லவா, ஆகவே கணினியைத் திறந்த வாயோடு மடியில் ஏந்திக்கொண்டு போனேன். சிவப்புத் திரை ஒளிர, ஊளையை மட்டும் அடக்கி வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இரண்டு நிறுத்தம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

டவுனில் இ-சேவை மையம் நடத்தும் பெண்மணிதான் எங்கள் வட்டாரத்துக்கே கணினி வைத்தியர். கையில் யாருடைய வருமானச் சான்றிதழோ இருந்தது. அதைக் கீழே வைக்காமலேயே என் கணினியை ஒரு கையால் தன் பக்கம் திருப்பினார். எதையோ அழுத்தினார், சிவப்பு போயிற்று. எங்கேயோ உள்ளே போய் ஒரு வரியை நீக்கினார்.

“வைரஸ் இல்லண்ணே. விளம்பரம். இந்த சைட்டு அறிவிப்பு அனுப்பலாமான்னு கேட்டிருக்கு, நீங்க அனுப்புன்னு அழுத்தியிருக்கீங்க. அது அனுப்பிக்கிட்டே இருக்கு.”

அந்தப் பதிமூன்று வைரஸ் என்று இழுத்தேன்.

“அது எல்லார்கிட்டயும் பதிமூணுதான் சொல்லும்.”

சரியாக அப்போது என் போன் அடித்தது. கடைமடை அம்மா. குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

“அண்ணே, தண்ணி வரலண்ணே. மேல ஒருத்தரும் மதக எறக்கல. போய்க் கேட்டா, பட்டியலே ரத்தாயிருச்சு, செயலாளரே அழிக்கச் சொல்லிட்டாருங்கிறாங்க. நாளைக்கு ஆளுங்க வந்து நிப்பாங்களே, நான் என்ன சொல்றது?”

வைரஸைத்தான் அழிக்கச் சொன்னேன், முறையை இல்லை என்று விளக்கினேன். அவருக்கு அந்த விளக்கத்தை வைத்து எந்த வயலை நனைப்பது? அங்கேயே நின்று பட்டியலைத் திரும்பக் குழுவில் போட்டேன். வைரஸ் இல்லை, பட்டியல் அப்படியே செல்லும், மதகை இறக்குங்கள் என்று கெஞ்சி எழுதினேன். ஒருவரும் திறக்கவில்லை. தலைமடைக்காரர் ஒருவரைப் போனில் பிடித்தேன். எனக்கு முறைக்கு மச்சான், வாய்ப்பு கிடைத்தால் விடமாட்டார்.

“ஏன் மச்சான், நேத்து தொறந்தா நோயி, இன்னிக்கித் தொறந்தா மருந்தா? என் போன் செத்துப்போனா நீ என்ன பண்ணுவ? எதுக்கும் பேப்பர்ல கொண்டா, பாப்போம்.”

அவருக்கு வைரஸின் மேல் பயம் துளியும் இல்லை. தண்ணீர் தன் வயலில் நிற்கிறது, சாக்கு நான் எழுதிக் கொடுத்தது, கையெழுத்தோடு. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் எனக்கும் அந்த போனின் மேல் திடீரென்று பாசம் வந்திருக்கும்.

பட்டியலை அச்செடுத்துக்கொண்டு பஸ் பிடித்து ஊருக்கு வந்து, வெயிலில் மதகு மதகாக நடந்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். வாங்கி நிதானமாகப் படித்தார்கள். ஒருவர் பச்சை வண்ணம் அச்சில் வரவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார். கடைசி மதகு இறங்கியபோது மணி நான்கைத் தாண்டிவிட்டது. அன்றைய முறை முடிவதற்குள் கடைமடை வாய்க்காலில் கணுக்கால் நனையும் அளவுக்கு வந்ததோடு சரி. அந்த அம்மா வரப்பில் நின்று, நாளைக்கு வர வேண்டாம் என்று நடவாட்களுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். திட்டியிருந்தால் அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டிருப்பேன்.

வியாழனும் வெள்ளியும் வேறு ஆட்களின் முறை. விட்டுத்தர ஒருவரும் தயாராக இல்லை. சனிக்கிழமை என்னுடையது. அதை அவருக்குக் கொடுத்தேன். பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம், கொடுப்பதற்கு என்னிடம் வேறு கிழமை இல்லை.

நடந்தது இவ்வளவுதான். கணினியில் வைரஸ் எதுவும் இல்லை. மழைத் தளம் ஒன்று அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டது, நான் கொடுத்தேன். புதன்கிழமைத் தண்ணீர், ஏற்கெனவே நடவு முடிந்திருந்த தலைமடை வயல்களில் நின்றது. அந்த அம்மா மூன்று நாள் தள்ளி, ஞாயிற்றுக்கிழமை நட்டார்.