மான் பரணில் கந்தசஷ்டி

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், இத்தாலியின் பலெர்மோ நகரில் நான் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. பல்லரோ சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் நானும் கணவரும் ஓர் அறை எடுத்து இருந்தோம். அவர் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். நான் எழுபது வயதைத் தாண்டிய ஒரு சின்யோராவுக்கு, அதாவது வீட்டு எசமானியம்மாவுக்கு, சமையல், துப்புரவு, பேச்சுத்துணை எல்லாம்.

எங்களுக்குக் கலியாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளை இல்லை. ஊரிலிருந்து யார் தொலைபேசியில் கதைத்தாலும் கடைசியில் அந்தக் கேள்வியில்தான் வந்து நிற்பார்கள். "இன்னும் ஒண்டும் இல்லையோ?" சந்தையில் கத்தரிக்காய் விசாரிப்பதுபோலக் கேட்பார்கள். நான் "இல்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, வைத்தபிறகு குளியலறைக்குள் போய் அழுவேன்.

அந்த வருடம் கந்தசஷ்டி விரதத்தைக் கடுமையாகப் பிடிப்பது என்று முடிவெடுத்தேன். ஆறு நாளும் தலைமுழுகி, பகலில் பச்சைத்தண்ணீர் மட்டும். பொழுதுபட்ட பிறகு ஒரு கோப்பை பாலும் பழமும். பிள்ளை வரத்துக்காக எங்கள் பெண்கள் பிடிக்கிற விரதம் அது.

பக்கத்து அறையில் மன்னார் அக்கா ஒருவர் இருந்தார். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். எனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்தவரும் அவர்தான். விசயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தார்.

"பிடிக்கிறதெண்டால் பிடி. ஆனால் சின்யோராவுக்கு மூச்சும் விடாதை. சாப்பிடாமல் கிடக்கிறாய் எண்டு தெரிஞ்சால், வருத்தக்காரி, வேலைக்கு ஏலாதவள் எண்டு நிப்பாட்டிப் போடுவா."

அக்கா சும்மா பயப்படுத்துகிறவர் அல்ல. ஆகவே நானும் வாயைத் திறக்கவில்லை. சின்யோரா சாப்பிட்ட பிறகுதான் நான் குசினியில் தனியாகச் சாப்பிடுவது வழக்கம். அதனால் ஒளிப்பது பெரிய பாடாக இருக்கவில்லை.

எனக்கு இருந்த பெரிய பயம் வேறு. விரதத்துக்கு நடுவில் மாதத் துடக்கு வந்துவிட்டால் எல்லாம் பாழ். கணக்குப்படி அது எப்போதோ வந்திருக்க வேண்டும், வரவில்லை. முன்பும் இப்படிப் பிந்தி, ஆசைப்பட்டு, ஏமாந்திருக்கிறேன். அதனால் இந்த முறை மனத்தை அந்தப் பக்கமே விடவில்லை. நான் விரதத்தை முடிக்கட்டும் என்று முருகன்தான் தள்ளிப் போட்டிருக்கிறார் என்று நினைத்துக் கும்பிட்டேன். என் புத்தி அவ்வளவுதான்!

விரதம் தொடங்கிய கிழமைதான் சின்யோராவும் என்னைக் கூட்டிக்கொண்டு மலைப்பக்கத்தில் இருந்த தன் தோட்டத்து வீட்டுக்குப் புறப்பட்டார். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஒலிவ் பறிக்கிற நாட்களில் அங்கே போய்த் தங்குவார். மற்ற வீட்டுச் சின்யோராக்கள் பின்னேரங்களில் சீட்டு விளையாடுவார்கள். என்னுடையவர் மான் சுடுவார். அவருடைய கணவர் காட்டுத்துண்டு ஒன்றுக்கு வேலி அடித்து மான் வளர்த்திருந்தார். அவை பெருகி, வேலி பாய்ந்து ஒலிவ் கன்றுகளைத் தின்னத் தொடங்க, வருடா வருடம் சிலதைச் சுட்டு வேலையாட்களுக்கு இறைச்சியைப் பங்கு போடுவது வழக்கமாகிவிட்டது. கணவர் செத்த பிறகு துவக்கை சின்யோரா கையில் எடுத்துக்கொண்டார்.

அந்தக் காட்டில் ஒரு கொம்பு முறிந்த கிழட்டுக் கடாமான் ஒன்று நின்றது. கணவர் இருந்தவரை அவர் கையில் அகப்படாத கடா. அதைச் சுட்டுவிட்டால் தான் துவக்கை வைத்துவிடுவதாகச் சின்யோரா சொல்லிக்கொண்டிருந்தார்.

விரதத்தின் ஐந்தாம் நாள் பின்னேரம். வழக்கமாக அவரோடு மான் சுடுகிற பரணில் ஏறுகிற தோட்டக் காவல்காரர் ஒலிவ் மூட்டைகளோடு செக்குக்குப் போய்விட்டார். சின்யோரா என்னைப் பார்த்தார்.

"நீ வா. ஏணியைப் பிடிக்கவும் பையைத் தூக்கவும் ஓராள் வேணும்."

மாட்டேன் என்று சொல்லக் காரணம் இருந்தது, சொல்ல வாய் இல்லை. பெரிய ஓக் மரமொன்றின் கிளைகளுக்கு நடுவில் பலகை அடித்த பரண். கீழே நின்றே என் தலையை மோந்து பார்த்தார். "இந்தச் சீயக்காய் வாசத்துக்கு மான் அடுத்த ஊருக்கு ஓடிடும்" என்று நக்கலடித்து, தன் பழைய கம்பளிச் சால்வையால் என் தலையை மூடிக் கட்டினார். முதலில் ஆட்கள் ஏற வேண்டும். பிறகுதான் குண்டு போடாத துவக்கைக் கயிற்றில் கட்டி மேலே இழுக்க வேண்டும். அதில் அவர் மகா கண்டிப்பு. அந்த வயதிலும் மளமளவென்று ஏறினார். நான்தான் ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினேன்.

மேலே போய்க் குந்தியதும் கதைக்கக்கூடாது, இருமக்கூடாது. வெயில் சாய்ந்து குளிர் ஏறியது. எனக்கு வயிற்றைப் பிரட்டிக்கொண்டிருந்தது, விரதத்தில் அப்படித்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

கடா வந்தது. பற்றைக்குள்ளிருந்து மெதுவாக வெளியே வந்து, எங்களுக்கு நேரே விலாவைக் காட்டிக்கொண்டு நின்றது. ஒரு பக்கக் கொம்பு பாதியில் முறிந்திருந்தது. சின்யோரா மெதுவாக நிமிர்ந்தார். துவக்கைத் தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடினார். அந்த நேரம் பார்த்து என் கண் இருண்டது. மரம் முழுக்கச் சுற்றுவதுபோல இருந்தது. நான் பலகையின் விளிம்புப் பக்கம் சாய்வது எனக்கே தெரிந்தது, ஆனால் கையைத் தூக்க முடியவில்லை.

பிறகு தெரிந்ததெல்லாம் தலைமயிர் வலிதான். கண்ணைத் திறந்தால், என் பின்னலைத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார் அந்த மனுசி. மற்றக் கை என் இடுப்பைப் பிடித்திருந்தது. எப்படித்தான் இழுத்தாரோ! துவக்கின் தோள்வாரைக் கழற்றி, தலையிலிருந்த சால்வையையும் உருவி, என்னை மரத்தின் நடுத்தண்டோடு சேர்த்துக் கட்டினார். கடா இன்னும் அங்கேயேதான் நின்றது, தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தபடி. சின்யோரா துவக்கை எடுத்து வானத்தைப் பார்த்துச் சுட்டார். குண்டு போட்டுப் போட்டு, செக்கடிக்குக் கேட்கட்டும் என்று திரும்பத் திரும்பச் சுட்டார். கடா பாய்ந்து மறைந்த திசையை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

காவல்காரர் ஓடி வரும்வரை என் முகத்தைத் தன் தோளில் சாய்த்து வைத்திருந்தார். "கடைசியா எப்ப சாப்பிட்டனி?" என்று கேட்டார். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில் விரதம், பிள்ளை, முருகன், வேலை போய்விடும் என்ற பயம், எல்லாவற்றையும் கொட்டினேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவருடைய கண் நிறைந்துவிட்டது.

"என்ரை வீட்டிலை ஒரு பிள்ளை பசியோடை நிண்டிருக்குது. நான் அவளின்ரை கையாலை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறன்."

அவருக்கு நான் மயங்கியதைவிட அதுதான் பெரிய அவமானமாக இருந்தது.

அடுத்த நாள் விடிந்ததும் மலையடிவாரத்து டாக்டரிடம் கொண்டுபோனார். சோதித்த டாக்டர் சிரித்தார். இரண்டு மாதமாம்! விரதத்தை உடனே நிறுத்திச் சாப்பிடச் சொன்னார்.

சந்தோசத்தில் துள்ள வேண்டியவள் கதிரையில் இருந்தபடியே குழறி அழுதேன். அது சூரன்போர் நாள், விரதத்தின் கடைசி நாள். இத்தனை நாள் காத்து, கையில் வரம் வந்த நாளில் விரதத்தை முறித்தால், தந்தவர் திருப்பி எடுத்துவிட மாட்டாரா? இதைச் சொல்லிச் சொல்லி அழுதேன். டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. சின்யோரா மட்டும் சிரிக்கவில்லை, மூடநம்பிக்கை என்று சொல்லவும் இல்லை. காரில் திரும்பி வரும்போது கேட்டார்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"இண்டைக்கு மட்டும்தான்."

"அப்ப நீ சாப்பிடு. இண்டைய நாளை நான் பிடிக்கிறன். என்னென்ன செய்யவேணும் எண்டு சொல்லு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் தலைமுழுகிவிட்டு ஈரத்தலையோடு வந்து நின்றார். காலைக் கோப்பியைத் தொடவில்லை. கோப்பி இல்லாமல் பலெர்மோக்காரர் ஒருவர் பகல் முழுக்க இருப்பது என்றால் சும்மா இல்லை! மத்தியானம் எனக்குக் காவல்காரரின் மனைவி காய்ச்சிய சூப்பைக் கொண்டுவந்து, நான் வேண்டாம் என்று முகத்தைத் திருப்ப, கரண்டியால் தானே பருக்கினார். ஒவ்வொரு கரண்டிக்கும் எனக்குக் கண்ணீர் வந்தது. அவருடைய வயிறு இரைந்தது எனக்குக் கேட்டது. இரண்டு பேரும் பார்த்துச் சிரித்துவிட்டோம்.

பொழுதுபட, என் கைப்பையில் இருந்த சின்ன முருகன் படத்தை மேசையில் வைக்கச் சொன்னார். எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்று கேட்டார். கிழக்கைக் காட்டினேன். தன் செபமாலையை உருட்டியபடி, முருகனுக்கு முன்னால் கண்ணை மூடி நெடுநேரம் இருந்தார். பிறகுதான் பாலைக் குடித்தார்.

அடுத்த கோடையில் எங்களுக்கு மகள் பிறந்தாள். அந்த ஒற்றைக் கொம்பனைச் சின்யோரா கடைசிவரை சுடவே இல்லை. ஒருவர் தொடங்கிய விரதத்தை இன்னொருவர், அதுவும் வேறு மதத்தவர், முடித்தால் செல்லுமா என்று விசயம் தெரிந்த ஒருவரிடமும் நான் இன்றுவரை கேட்டதில்லை, கேட்கப் போவதுமில்லை. வயிற்றில் இருந்தபோதே அவளுக்காகப் பட்டினி கிடந்தவர்கள் இரண்டு பேர் என்று சொல்லித்தான் என் மகளை வளர்த்தேன்.