நாலு விரல் குறைச்சல்

மார்வா ஹோல்மை டயர் விற்கிறவள் என்று சொன்னால் எங்கள் ஊரில் சண்டைக்கு வருவார்கள். அவள் கேள்வி கேட்கிறவள். நவம்பர் மாதம் முழுக்க, எல்க் மான் வேட்டைக்குக் கிளம்புகிற ஒவ்வொருவனும் எங்கள் கடை மேஜைக்கு முன்னால் நின்று அவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வண்டியை எங்கே நிறுத்துவாய்? தனியாகப் போகிறாயா, துணை உண்டா? திரும்பும்போது பின்னால் மான் இருக்குமா, வெறும் பெருமூச்சுதானா? பதிலெல்லாம் வந்த பிறகுதான் சுவரில் அடுக்கியிருக்கிற டயர்களைத் திரும்பிப் பார்ப்பாள்.

நான் டெல். பத்தொன்பது வருஷமாக அவள் எடுத்துக் கொடுக்கிற டயரை வண்டியில் மாட்டுகிறவன். மொன்டானாவின் இந்த மூலையில் பனி விழுந்த பிறகுதான் எல்லோருக்கும் டயர் ஞாபகம் வரும். வேட்டைக் காலத்தின் கடைசி இரண்டு வாரம் கடைக்குள் நிற்க இடம் இருக்காது. காத்திருக்கிறவர்கள் காப்பியைக் குடித்துக்கொண்டு மார்வா அடுத்தவனை எப்படி வாருகிறாள் என்று வேடிக்கை பார்ப்பார்கள். பாதிப் பேர் அதற்காகவே சீக்கிரம் வருவார்கள்.

அந்த வருஷம் ட்ரேவ் என்று ஒரு பையன், மரம் வெட்டுகிற கம்பெனியில் வேலை, சேற்று டயர் வேண்டும் என்று வந்து நின்றான். கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர்.

"பாக்க சூப்பரா இருக்கும்மா," என்றான்.

"யாரு பாக்கறதுக்கு? மானா? அந்தப் பல்லு சேத்துக்குத்தான்டா. இறுகின பனியில அது ரப்பர் இல்ல, மரக்கட்டை. இங்க வா, இதத் தடவிப் பாரு. பல்லுக்குள்ள பிளேடால கீறின மாதிரி கோடு கோடா இருக்கா? அதான் பனியைக் கவ்வும். பக்கச் சுவர் பத்து அடுக்கு, கல்லு கிழிக்காது. மலையும் பனிச்செதிலும் போட்ட முத்திரை இருக்கா பாரு. அது இல்லாத டயரை எடுத்துட்டு டன்லவி கிரீக் மலைப் பக்கம் போனேன்னு வச்சுக்கோ, நான் உன் சாவு வீட்டுக்குச் சாப்பாடு செஞ்சு எடுத்துட்டு வர மாட்டேன்."

கடையே சிரித்தது. ட்ரேவ் முகம் சிவந்து, யோசித்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டான்.

அதே நாள்தான் அவள் புருஷன் ஆர்லனும் வந்தார். அறுபத்தேழு வயது, அதிகம் பேசாத மனிதர். எட்டு வருஷம் ஓடிய டயர் வழவழவென்று ஆகியிருந்தது. அவருடைய பச்சை பிக்கப்புக்குச் சரியான அளவு தீர்ந்துபோயிருந்தது. மார்வா தயங்கவே இல்லை. ஒரு அளவு பெரியதை எடுத்தாள். உயரம் கூடுதல், பாறை இடிக்காது, பனியிலும் நல்ல பிடிப்பு. எடுத்தது நல்ல டயர்தான். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

பனியில் சறுக்காமல் இருக்க டயரைச் சுற்றிக் கட்டுகிற இரும்புச் செயினைப் பற்றி ஆர்லன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "சீட்டுக்குப் பின்னாடி இருக்கிற பழைய செயின் இதுக்குச் சேருமா?"

"டயர் என் வேலை, மான் உன் வேலை. அதையாவது இந்த வருஷம் ஒழுங்காப் பாரு கிழவா, மூணு வருஷமா கோழிதான் தின்னுட்டிருக்கோம்."

மறுபடியும் கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆர்லனும் லேசாகச் சிரித்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டார். நான் டயரை மாட்டினேன். சீட்டை மடக்கி அந்தச் செயின் பெட்டியைத் திறந்து பார்க்க எனக்கு இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். வெளியே ஒன்பது வண்டி வரிசையில் நின்றது. பார்க்கவில்லை.

வேட்டைக் காலம் முடிய இரண்டே நாள் இருந்த சனிக்கிழமை, காலை பத்து மணிக்குப் பனி கொட்ட ஆரம்பித்தது. ஞாயிறு ராத்திரிதான் வரும் என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ஆர்லன் விடியுமுன்பே தனியாக டன்லவி கிரீக் மேலே போயிருந்தார்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற லின்னெட் ஒரு சாக்கில் செயினை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். போன வாரம்தான் புது டயர் போட்டிருந்தாள்.

"இது சேருதான்னு பாத்துச் சொல்லு மார்வா. அப்புறம் ரோட்டுல படுத்துக்கிட்டு உன்னைத் திட்ட முடியாது."

நாங்கள் வெளியே போய்ச் சக்கரத்தின் மேல் செயினைப் போர்த்தினோம். இரண்டு முனையும் ஒன்றையொன்று தொடவில்லை. நடுவில் நாலு விரல் இடைவெளி.

"உன் பழைய டயருக்கு வாங்கினதுடி இது," என்று மார்வா சிரித்தாள். "பெரிய டயர் போட்டா செயினையும்..."

சிரிப்பு பாதியில் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஆர்லன் கேட்ட கேள்வி இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. லின்னெட் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சு?" என்றாள். மார்வா அதற்குள் போனை எடுக்க உள்ளே ஓடியிருந்தாள்.

அந்த மலையில் போன் எடுக்காது. ஆனாலும் மார்வா ஆறு தடவை போட்டாள். ஷெரிஃப் ஆபீஸுக்கும் சொன்னாள். குறித்துக்கொண்டார்கள், அவர் வருகிற நேரம் இன்னும் ஆகவில்லையே என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. மதியம் ஒரு மணிதான் ஆகியிருந்தது. சுவரிலிருந்து சரியான அளவுச் செயின் இரண்டு ஜோடியைக் கழற்றிக் கடை வண்டியில் போட்டேன். திரும்புவதற்குள் அவள் கோட்டுப் பொத்தானைக்கூடப் போடாமல் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

மலையடிவாரத்திலேயே எங்கள் வண்டியின் நாலு சக்கரத்துக்கும் செயின் கட்டினேன். கை மரத்துப்போய்க் கொக்கியை மாட்ட வரவில்லை. மார்வா குனிந்து என் கையைத் தட்டிவிட்டு அவளே மாட்டினாள்.

அதற்கு மேலே பதினாலு கிலோமீட்டர். ஏழு கொண்டை ஊசி வளைவு. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றும் இல்லை. துடைப்பான் ஒதுக்க ஒதுக்கப் பனி கண்ணாடியை மூடியது. மார்வா வாயை மூடவே இல்லை. வழக்கமான கிண்டல் எதுவும் அதில் இல்லை.

"மேலயே நிறுத்திட்டு உக்காந்திருப்பார், இல்ல? அடுப்பு வச்சிருக்கார். கம்பளி வச்சிருக்கார். செயின் சேரலைன்னு தெரிஞ்சா நகர மாட்டார். மாட்டாரு தானே, டெல்?"

"மாட்டார்," என்றேன். எனக்குத் தெரியாது.

"கேட்டாருடா. வாயைத் திறந்து கேட்டாரு. வருஷத்துக்கு ஒரு கேள்வி கேக்கற மனுஷன்."

இரண்டாவது வளைவில் இரண்டு வேட்டைக்காரர்கள் செயின் கட்டிய வண்டியில் ஊர்ந்து இறங்கி வந்தார்கள். நான் கண்ணாடியை இறக்கினேன்.

"பச்சை பிக்கப், வயசானவர் ஒருத்தர். பாத்தீங்களா?"

"ஆர்லனா? நல்ல மான் அடிச்சிருக்கார். நாங்க கிளம்பறப்போ ஏத்தி முடிச்சிருந்தார். கூடவே வாங்கன்னோம், நீங்க போங்கன்னுட்டார்."

"செயின் கட்டினாரா?" மார்வா என்னைத் தாண்டி எக்கிக் கேட்டாள்.

"கட்டிக்கிட்டுதான்மா இருந்தார்."

அவள் பின்னால் சாய்ந்தாள். அந்தப் பதில் எங்களுக்கு நிம்மதியைக் கொடுத்திருக்க வேண்டும். பயம்தான் கூடியது. கட்ட முடியாத செயினை எப்படிக் கட்டுவார்? மூன்றாவது வளைவு தாண்டினோம். நாலாவதில் அந்த வேட்டைக்காரர்களின் தடத்தைத் தவிர வேறு தடம் இல்லை. ஐந்தாவதில் மேலிருந்து வந்த ஒரு வண்டித் தடம், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராக விளிம்புக்குப் போயிருந்தது.

நான் நிறுத்துவதற்குள் மார்வா குதித்துவிட்டாள்.

பச்சை பிக்கப் விளிம்புக்குக் கீழே பத்தடியில், இரண்டு தேவதாரு மரங்களுக்கு நடுவே மூக்கைச் செருகி நின்றது. பின்னாலிருந்த மான் சரிந்து கொம்பு கண்ணாடியை உடைத்திருந்தது. ஓட்டுநர் கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. மார்வா அவர் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அந்தச் சத்தத்தை நான் இன்னொரு தடவை கேட்க விரும்பவில்லை.

"இங்கதான் இருக்கேன், ஏன் கத்தற?"

சாலையின் பாறை ஓரமாக, செயின் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆர்லன் உட்கார்ந்திருந்தார். இடது கையை மார்போடு அணைத்திருந்தார். தோள் எலும்பு முறிந்திருந்தது என்று பிறகு டாக்டர் சொன்னார். உதடு நீலமாக இருந்தது. மார்வா அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவர் வலியில் முனகியதும் விட்டுவிட்டு, "மன்னிச்சிரு, என் தப்பு, எல்லாம் என் தப்பு, நீ கேட்டே, நான்தான்..." என்று குழந்தை போல அழுதாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

அவர் காலருகே அறுந்த செயின் ஒன்று கிடந்தது. சாலையில் கழன்று விழுந்ததை எடுத்து வைத்திருக்கிறார். அதை ஒதுக்கலாம் என்று நான் தூக்கினேன். இரண்டு முனையிலும் முறுக்கிய கம்பி தொங்கியது. வைக்கோல் கட்டுகிற கம்பி. எங்கள் பக்கம் உடைந்த எதையும் அதை வைத்துத்தான் கட்டுவோம். வேலிக் கதவு, சைலன்சர், ஒரு தடவை என் மூக்குக் கண்ணாடி. நாலு விரல் இடைவெளியை அவர் அந்தக் கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தார். மானின் பாரத்தோடு வளைவில் திரும்பியபோது அது பட்டென்று அறுந்திருக்கிறது.

மார்வா அழுகையை நிறுத்தினாள். என் கையிலிருந்து கம்பியை வாங்கினாள்.

"இது எங்கேருந்து வந்தது?"

ஆர்லன் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டார்.

"இது வண்டியில கிடையாது, ஆர்லன். நம்ம கொட்டகையில ஆணியில தொங்கற கம்பி. அளவா வெட்டி எடுத்துட்டு வந்திருக்க." அவள் குரல் இறங்கியது. "உனக்கு முன்னாடியே தெரியும்."

"புதன்கிழமை முற்றத்துல செயினைப் போட்டுப் பாத்தேன். நீதானே எல்லாருக்கும் சொல்லுவ, கிளம்பறதுக்கு முன்னாடி போட்டுப் பாருன்னு."

"அப்புறம் ஏன் சொல்லல? பக்கத்துலதானே படுத்திருந்தேன். மூணு ராத்திரி!"

"சொன்னா நீ உடனே கடைக்கு இழுத்துட்டுப் போவ. அங்க அத்தனை பேரும் நிப்பாங்க. மார்வா தப்பா எடுத்துக் குடுத்துட்டா, அதுவும் சொந்தப் புருஷனுக்குன்னு ஊரே பேசும். உனக்கு இருக்கிறது அந்த ஒரு பேருதானே." அவர் மூச்சு வாங்கினார். "அப்புறம்... நீ மறுபடியும் ஏதாவது சொல்லுவ. எல்லாரும் சிரிப்பாங்க."

எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. இன்னொரு தோளையும் நானே முறித்திருப்பேன். பனி ஞாயிறு ராத்திரிதானே என்ற நம்பிக்கையில் ஒரு மனுஷன் உயிரைக் கம்பியில் கட்டிக்கொண்டு மலையேறியிருக்கிறார். அந்தச் சிரிப்பில் என் சிரிப்பும் இருந்தது என்பதும் உடனே ஞாபகம் வந்து, என் கோபத்துக்குப் போக்கிடம் இல்லாமல் போனது.

அவரைத் தூக்கி எங்கள் வண்டியில் உட்கார வைத்தோம். கீழே இறங்கும்வரை அவள் அவருடைய நல்ல கையைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில்தான் வாயைத் திறந்தாள். "அந்தப் பேரை வச்சுக்கிட்டு நான் தனியா என்னடா பண்ணுவேன், கிழவா?"

செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தாள். நடந்ததைக் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்களிடம் அவளே சொன்னாள், கம்பி வரைக்கும். யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அன்றைக்குத்தான் ட்ரேவும் திரும்பி வந்தான், நீங்கள் சொன்ன டயரையே கொடுங்கள் என்று. அவள் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள், டயரை எடுத்தாள், செயினையும் எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"வீட்டுக்குப் போய் முற்றத்துல போட்டுப் பாரு. பத்தலைன்னா திரும்பி வா."

"நீங்க எடுத்துக் குடுத்து பத்தாம போகுமாம்மா?" என்று சொல்லிவிட்டுத்தான் அவனுக்கு உறைத்தது.

"போகும்," என்றாள் மார்வா. "வந்து சொல்லு. கடை நிறைய ஆள் நின்னாலும் சொல்லு. நான் கிண்டல் பண்ணினா, இன்னும் சத்தமாச் சொல்லு."