விற்றால் தீரும் என்று நினைத்தேன்

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு மதியம், கொல்கத்தாவில் நடந்தது இது. காளிகாட் மெட்ரோவுக்குப் பக்கத்துச் சந்தில் இட்லி மாவும் முறுக்கும் விற்கிற சின்னக் கடை என்னுடையது. கணவருக்கு சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் வேலை.

கடையின் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முன்பணம் சேர்த்து வைத்திருந்தோம். அது போனால் கடையும் போச்சு. நாலு வீடியோ பார்த்த தைரியத்தில், அவரிடம் சொல்லாமல் அந்தப் பணத்தை அப்படியே பங்குச்சந்தைக் கணக்குக்கு மாற்றினேன். சந்தை விழும்போதும் சம்பாதிக்கலாமாம். கையில் இல்லாத நிஃப்டி என்ற பங்குக் குறியீட்டை முதலில் விற்க வேண்டும், இறங்கியதும் வாங்கி முடிக்க வேண்டும். இறங்கும் என்று யார் சொன்னது? நானேதான் சொல்லிக்கொண்டேன்.

ஒரு லாட், அதாவது ஒரு கட்டு, விற்றேன். நிஃப்டியோ ஏற ஆரம்பித்தது. திரையில் நஷ்டத்தைக் காட்டும் சிவப்பு எண் வளர்ந்துகொண்டே போனது. எப்படியாவது வெளியே வந்துவிட வேண்டும் என்று பதறினேன். மாவுக்கடைக்காரிக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மாவு புளிக்கத் தொடங்கினால் வந்த விலைக்குத் தள்ளிவிடுவேன். அதே புத்தியில் மறுபடியும் ‘விற்க’ என்பதை அழுத்தினேன்.

ஒரு லாட் இரண்டானது. நஷ்டம் இரட்டை வேகத்தில் ஓடியது. ஏன் என்று புரியவில்லை. இன்னொரு முறை அதையே அழுத்தப் போனேன்.

அப்போது மாவு வாங்க வந்து நின்ற பெண்மணி, முன்பின் பார்க்காதவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு எட்டித் திரையைப் பார்த்தார். “தீதி, ஆர் பேச்பேன் நா! கினுன்!” என்று கத்தினார். இனி விற்காதீங்க அக்கா, வாங்குங்க என்கிறார்.

“இருக்கிறதே கழுத்தை நெரிக்குது, இன்னும் வாங்கச் சொல்றீங்களே!” பயத்தில் என் வாயில் வங்காள மொழியே வரவில்லை, தமிழில் கூவினேன்.

தமிழ் புரியாவிட்டாலும் என் பதற்றம் புரிந்தவராய், அவர் பொறுமையாக மாவுப் பொட்டலத்தைத் தட்டிக் காட்டி வங்காள மொழியில் கேட்டார். “இல்லாத மாவை என்கிட்ட வித்துட்டீங்கன்னு வைங்க. எங்கேயாவது வாங்கி என் கையில கொடுத்தாத்தானே கணக்கு தீரும்? திரும்பத் திரும்ப வித்தா எப்படித் தீரும்?”

போனை அவரிடம் நீட்டினேன். அவர் தொடவில்லை. “உங்க பணம், நீங்களே அழுத்துங்க” என்றார். இரண்டு லாட்டையும் வாங்கி முடித்தேன். முன்பணத்தில் பாதி காணாமல் போயிருந்தது. அவர் மாவுக்குக் காசு கொடுத்துவிட்டு, மழையில் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை கணவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை, சாப்பிடவும் இல்லை. கடை உரிமையாளர் மீதியைத் தவணையில் வாங்கிக்கொள்ளச் சம்மதித்ததால் கடை பிழைத்தது.

ஆனால் ஒன்றை மட்டும் கணவரிடம் அன்று சொல்லவில்லை. அந்த அம்மா போன அரை மணியில் சந்தை சரசரவென்று இறங்கியது. விட்டு வைத்திருந்தால் லாபம்! அழுத கண்ணீர் காயவில்லை, என் கை தானாகப் போனை எடுத்து ‘விற்க’ என்ற இடத்துக்குப் போய்விட்டது. சந்தை மூடும் நேரமாகிவிட்டதால் தப்பித்தேன். பணம் போன பயம் எப்போதோ போய்விட்டது, ஆனால் அன்று என்னைக் கேட்காமல் போன அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குலை நடுங்குகிறது.